விறகடுப்பை விடாத அம்மாவுக்கு இண்டக்ஷன் அடுப்பு சரிப்படுமா?

கோவில்பட்டிப் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கும் தன் அம்மாவைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கேஸ் இணைப்பு இருக்கிறது. ஆனாலும் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று விறகடுப்பில்தான் சமைக்கிறார். ஓயாத இருமல் வேறு. இண்டக்ஷன் அடுப்பு வாங்கிக் கொடுத்தால் கரண்ட் பில் எகிறிவிடுமா?"

எகிறாது. தாராளமாக வாங்கிக் கொடுங்கள். இருமலுக்கு மட்டும் அடுப்பு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பில் கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இண்டக்ஷனுக்கு ஏறக்குறைய 0.1 யூனிட் போதும். ஒருவருக்கான சோறு, குழம்பு, காபி எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு யூனிட் என்று வைத்தாலே அதிகம்தான். இரண்டு மாதத்துக்கு 60 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஃபேன், லைட், டிவி மட்டும் ஓடும் வீட்டில் அந்த நூறில் கொஞ்சம் மிச்சமே இருக்கும். அம்மாவுக்கு ஏற்கெனவே 80 யூனிட் ஓடுகிறது என்றாலும் மொத்தம் 140. 2024-இல் வந்த கட்டணப்படி, 200 யூனிட்டுக்குள் இருக்கும்வரை நூறுக்கு மேற்பட்டதற்கு யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய்க்கும் குறைவு. அந்த 40 யூனிட்டுக்கு நூறு ரூபாய்கூட வராது.

பெரிய குடும்பமாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும். 14.2 கிலோ சிலிண்டரில் உள்ள எரிவாயுவின் வெப்பம் சுமார் 180 யூனிட்டுக்குச் சமம். கேஸ் அடுப்பில் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் பாத்திரத்துக்குப் போகிறது. இண்டக்ஷனில் எண்பது சதவீதத்துக்கு மேல் போகிறது. ஆக, ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை 125 முதல் 130 யூனிட் செய்துவிடும். ஏசி ஓடும் வீட்டில் இது சேர்ந்து இரண்டு மாத ரீடிங் 500-ஐத் தாண்டினால், கீழ் அடுக்குகளுக்கான மலிவு விலையும் கைவிட்டுப் போகும். வாடகை வீட்டில் உரிமையாளர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்கினாலும் லாபம் இருக்காது. உங்கள் அம்மாவுக்கு இந்த இரண்டு சிக்கலும் இல்லை.

இந்தக் கேள்வியை நான் முக்கியமாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. உலகில் மின்சாரமே எட்டாதவர்கள் இன்று சுமார் 67 கோடிப் பேர். புகையில்லாத அடுப்பு எட்டாதவர்கள் அதைப்போல மூன்று மடங்கு, 210 கோடிப் பேர். வீட்டுக்குள் எழும் புகையால் 2020-இல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இந்தியாவில் ஏழை வீடுகளுக்கு கேஸ் இணைப்பு கொடுக்க 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் பத்து கோடிக்கு மேல் இணைப்புகள் போயிருக்கின்றன. பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வீடுகள் ஆண்டுக்குச் சராசரியாக நான்கு சிலிண்டர் அளவில்தான் வாங்குகின்றன. மீதி நாட்களில் விறகு எரிகிறது. அரசின் பட்டியலில் இவை புகையிலிருந்து மீண்ட வீடுகள், உங்கள் அம்மாவின் வீடும் அப்படித்தான். இணைப்பு கொடுத்ததை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் போதாது, விறகு நின்றதா என்று பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்துதானே வருகிறது என்று சிலர் கேட்பார்கள். வருகிறது. ஆனால் அந்தப் புகைக்கு நேர்முன்னே யாரும் குனிந்து ஊதாங்குழல் பிடிப்பதில்லை.

அம்மா விறகை எதற்கெல்லாம் எரிக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் குளிக்க வெந்நீர் போடத்தான் அடுப்பு மூட்டுவார்கள். மூட்டியது மூட்டியாகிவிட்டது என்று சோற்றையும் அதிலேயே வைத்துவிடுவார்கள். வெந்நீர் அடுப்பை முற்றத்துக்கு மாற்றிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்தது வயரிங். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 2000 வாட் அடுப்பு ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். செல்போன் சார்ஜர் மாட்டும் சின்ன ப்ளக் பாயிண்ட் அதைத் தாங்காது, உருகிவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கூடாது. எலக்ட்ரீஷியனை வைத்து, சரியான எர்த்தோடு தனி 16 ஆம்பியர் பாயிண்ட் போடச் சொல்லுங்கள். பழைய வீடு என்றால் மீட்டரிலிருந்து சமையலறை வரை வரும் வயரையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் செலவு அடுப்பின் விலையையே நெருங்கலாம், ஆனாலும் செய்துவிடுங்கள்.

பாத்திரம் சில மாற வேண்டும். அலுமினியச் சட்டியும் மண்சட்டியும் இதில் சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டினால் அந்தப் பாத்திரம் ஆகும், அடி தட்டையாகவும் இருக்க வேண்டும். அடிப்பகுதி ஸ்டீலான சின்ன குக்கர் ஒன்று, தட்டையான இரும்பு தோசைக்கல் ஒன்று, ஒரு பால் பாத்திரம், அம்மாவுக்கு இது போதும். அம்மாவுக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

தொடுதிரை மாடலைவிட, திருகும் குமிழோ அழுத்தும் பொத்தானோ உள்ளதாகப் பாருங்கள். ஈரக்கையோடு தொட்டால் தொடுதிரை அடிக்கடி மக்கர் செய்யும், வயதானவர்கள் அதிலேயே வெறுத்துப்போவார்கள். அப்புறம், கேஸ் இணைப்பை ஒப்படைத்துவிட வேண்டாம். கரண்ட் போகும் நேரத்துக்கும் மண்சட்டியில் மீன்குழம்பு வைக்கவும் அது இருக்கட்டும். அடுப்பைக் கொடுத்துவிட்டு அன்றே கிளம்பாமல், இரண்டு நாள் கூட இருந்து சோறும் தோசையும் அதில் அம்மா கையாலேயே செய்ய வையுங்கள். எந்த எண்ணில் வைத்தால் பால் பொங்காது என்பது அவர்களுக்கே பிடிபட்டுவிடும்.