லேப்டாப் பாட்டு பழைய ஆம்ப்ளிஃபயர்ல வரணுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பா 1980கள்ல வாங்கின ஆம்ப்ளிஃபயரும் ரெண்டு பெரிய ஸ்பீக்கரும் பரண்ல கிடந்துச்சு, இறக்கி தூசி தட்டி வச்சேன். கடையில ஆடியோ கேபிள் வாங்கி லேப்டாப்ல ஒரு முனை, ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னாடி ஃபோனோனு போட்டிருந்த இடத்துல ரெண்டு முனைன்னு சொருகினேன். பாட்டு வருது, ஆனா கரகரன்னு கத்துது, பேஸ் மட்டும் பொம் பொம்னு அடிக்குது. செட்டு போச்சு, எடைக்குப் போடுன்னு வீட்ல சொல்றாங்க. போட்டுடலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: அய்யோ, போட்டுடாதீங்கம்மா! செட்டு நல்லாத்தான் இருக்கும்னு தோணுது, நீங்க சொருகின இடம்தான் தப்பு. ஃபோனோங்கிறது ரெக்கார்ட் பிளேயருக்குன்னே வச்சது. இசைத்தட்டுல ஊசி உரசும்போது வர்ற சிக்னல் ரொம்ப சின்னது, சுமார் 5 மில்லிவோல்ட்தான், அதனால உள்ள தனியா ஒரு சர்க்யூட் வச்சு அதை நூறு மடங்கு போல பெருக்குவாங்க. அதோட தட்டுல பதிக்கும்போதே பேஸை (கனமான ஒலி) குறைச்சு ட்ரெபிளை (கீச்சு ஒலி) கூட்டித்தான் பதிப்பாங்க, அதை நேர் பண்ண இந்த சர்க்யூட் பேஸை ஏத்தி ட்ரெபிளை இறக்கும். உங்க லேப்டாப் ஹெட்போன் ஓட்டையில வர்றதோ கிட்டத்தட்ட 1 வோல்ட் வரைக்கும் போகும். அவ்வளவு பெரிய சிக்னலை அங்க கொண்டுபோய் விட்டா கத்தாம என்ன செய்யும்?

செட்டை ஆஃப் பண்ணிட்டு அதே கேபிளை ஆக்ஸ்னு (AUX, வெளிக் கருவிகளை மாட்டறதுக்கான பொது இடம்) இருக்கற இடத்துக்கு மாத்துங்க. ஆக்ஸ் இல்லைன்னா ட்யூனர், சிடி, டேப் எதுலயும் சொருகலாம், எல்லாம் ஒரே மாதிரிதான். டேப்ல மட்டும் ரெண்டு ஜோடி இருக்கும், ப்ளேனு போட்டிருக்கறது தான் உங்களுக்கு வேணும், ரெக்னு இருக்கறதுல சொருகினா சத்தமே வராது. சிவப்பு முனை வலது, வெள்ளை இடது. முன்னாடி இருக்கற செலக்டர் குமிழையும் அதே பேருக்குத் திருப்பணும், நிறைய பேர் இதை மறந்துட்டு கேபிளை குறை சொல்வாங்க. அப்புறம் லேப்டாப் வால்யூமை முக்கால்வாசிக்கு மேல வச்சுட்டு, கூட்டுறது குறைக்கிறது எல்லாம் ஆம்ப்ளிஃபயர்லயே பண்ணுங்க. லேப்டாப்ல குறைச்சு ஆம்ப்ளிஃபயர்ல ஏத்தினா இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

இவ்வளவு வருஷம் கழிச்சு ஆன் பண்றதால குமிழைத் திருப்பும்போது கொஞ்சம் கரகரக்கும், அது உள்ள படிஞ்ச தூசி, ரேடியோ மெக்கானிக்கிட்ட கொடுத்தா கான்டாக்ட் க்ளீனர் அடிச்சுக் கொடுப்பார். அப்பாவோட செட்டு, அதுக்காக ஒரு நடை போகலாம்.

கேள்வி: கேபிள் சரியாத்தான் போட்டிருக்கேன் சார். லேப்டாப் சார்ஜர் மாட்டினா மட்டும் ஸ்பீக்கர்ல உம்ம்ம்னு ஒரு சத்தம், கழட்டினா போயிடுது. கேபிள் மட்டமா?
– வாசகர், திருச்சி

பதில்: கேபிள் மேல தப்பு இல்லைங்க. சார்ஜர் வழியா ஒரு எர்த், ஆம்ப்ளிஃபயர் வழியா இன்னொரு எர்த்னு ரெண்டு பாதை உண்டாகி, நடுவுல உங்க ஆடியோ கேபிள் மாட்டிக்கிட்டு அதுல கரன்ட் ஓடுது, அதைத்தான் கிரவுண்ட் லூப்னு சொல்றோம். முதல்ல ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போட்டுப் பாருங்க, பல வீட்ல அதுலயே அடங்கிடும். அடங்கலைன்னா கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்னு ஒரு சின்ன டப்பா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவுல கிடைக்கும், உள்ள ரெண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், கேபிளுக்கு நடுவுல மாட்டினா போதும். ஆனா ஒண்ணு, கெஞ்சிக் கேக்கறேன், சத்தம் போகணும்னு பிளக்கோட எர்த் பின்னை மட்டும் யாரும் உடைக்காதீங்க. உள்ள எங்கயாவது கரன்ட் கசிஞ்சா உங்களைக் காப்பாத்துறது அந்தப் பின்தான்.

கேள்வி: எங்க செட்ல சிவப்பு வெள்ளை ஓட்டையே இல்லை, வட்டமா அஞ்சு ஓட்டை மட்டும் இருக்கு. என்ன பண்றது?
– வாசகர், மதுரை

பதில்: அது டின் (DIN) சாக்கெட்டுங்க, ஜெர்மன்காரங்க கொண்டுவந்தது, பழைய செட்டுகள்ல நிறைய பார்க்கலாம். 5 பின் டின் பிளக் ஒண்ணு வாங்கி, லேப்டாப்ல இருந்து வர்ற ஆடியோ கேபிளோட வயர்களை அதுல சால்டர் பண்ணச் சொல்லி மெக்கானிக்கிட்ட கொடுங்க: நடு பின் 2 எர்த், 3 இடது, 5 வலது. 1, 4 ரெக்கார்டிங்குக்கு வெளிய போறது, அதைத் தொட வேண்டாம்.