லினக்ஸ் பழகும் மகனுக்கு மேனேஜ்மென்ட் சீட் எதற்கு?

ப்ளஸ் டூ முடித்த மகனைப் பற்றி விருதுநகரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். தாய்மாமன் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் இடம் பேசி வைத்திருக்கிறார். முன்பணத்துக்கு நகையை அடகு வைக்க வேண்டும். மகனோ பழைய மடிக்கணினியில் உபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் கறுப்புத் திரையில் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறான். போன மாதம் அந்தக் கணினியையும் கெடுத்துவிட்டான்.

அம்மா, உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள்.

கணினி எப்படிக் கெட்டது என்று உங்கள் மகனிடமே தொலைபேசியில் கேட்டேன். பைத்தான் என்ற நிரல்மொழிக்கான லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) ஒன்றை நிர்வாகி அதிகாரத்துடன், அம்மொழிக்கே உரிய 'பிப்' கட்டளையால் நிறுவியிருக்கிறான். அது உபுண்டு ஏற்கெனவே தந்திருந்த பதிப்போடு மோதியதும், எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தொடங்கலாம் என்று பைத்தானையே நீக்கச் சொல்லி, உபுண்டுவில் மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் பயன்படும் 'ஆப்ட்'டுக்குக் கட்டளையிட்டிருக்கிறான். நீங்கப்போகும் பேக்கேஜ்களின் (மென்பொருள் பொட்டலங்களின்) நீண்ட பட்டியல் திரையில் ஓடியது; படிக்காமல் சம்மதம் என்று 'ஒய்' தட்டினான். உபுண்டுவின் பல பாகங்கள் பைத்தானைச் சார்ந்தவை என்பதால் படங்களும் சாளரங்களும் தெரியும் டெஸ்க்டாப்பே போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் செய்ததைக் கவனியுங்கள். எழுத்து மட்டும் தெரியும் கன்சோலில் நுழைந்து, கைப்பேசியை யூ.எஸ்.பி. வயரில் இணைத்து இணையம் பெற்று, ஆப்ட் தன் ஒவ்வொரு செயலையும் நேரத்தோடு குறித்து வைக்கும் பதிவுக் கோப்பைத் திறந்து, எவையெவை நீங்கின என்று பார்த்து, அவற்றைத் திரும்ப நிறுவியிருக்கிறான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இதைத்தான் நீங்கள் 'கெடுத்துவிட்டான்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

இந்த வேலையே ஒரு தொழில். லினக்ஸ் நிர்வாகம், பேக்கேஜிங் (மென்பொருளை நிறுவத் தயாரான பொட்டலமாக்குவது) என்பார்கள். ஒரு லைப்ரரியை நிறுவும்போது அது சார்ந்திருக்கும் மற்றவையும் சேர்ந்து வருகின்றன. ஆப்ட்டில் 'ரிமூவ்' என்றால் அமைப்புக் கோப்புகள் தங்கிவிடும், 'பர்ஜ்' என்றால் கணினி அளவிலான அமைப்புக் கோப்புகளும் போகும், துணைக்கு வந்து இப்போது யாருக்கும் தேவைப்படாதவற்றை 'ஆட்டோரிமூவ்' அகற்றும். இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற லைப்ரரியில், நிரல்கள் ஓடத் தேவையானது ஒரு பேக்கேஜ், புதிதாக நிரலைக் கம்பைல் செய்ய (கணினி இயக்கும் வடிவுக்கு மாற்ற) தேவையானது 'டெவ்' என முடியும் வேறொரு பேக்கேஜ். உங்கள் மகன் மாட்டிக்கொண்ட சிக்கல் அனுபவசாலிகளையும் வாட்டியதுதான். அதனால்தான் உபுண்டுவுக்கு அடித்தளமான டெபியன் என்ற லினக்ஸின் 2023இல் வெளியான 12ஆம் பதிப்பு, கணினியின் பைத்தானுக்குள் நேரடியாக நிறுவ முயலும் பிப்பைத் தடுத்து, தனிச் சூழல் ஒன்றை உருவாக்கிக்கொள்ளச் சொல்கிறது.

அந்த டெபியன் 1993இல் இயன் மர்டாக் தொடங்கியது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் நடத்துவது. அவர்களின் வருடாந்தர மாநாடு 2023இல் கொச்சியில்தான் நடந்தது. டெபியனில் ஒரு லைப்ரரியைப் பேக்கேஜாக்குபவர், அது எவற்றைச் சார்ந்தது என்று எழுதுகிறார், 'லின்டியன்' என்ற கருவியால் பிழை தேடுகிறார், பயனர்கள் அனுப்பும் பிழை அறிக்கைகளுக்குப் பதில் சொல்கிறார். புதியவர் செய்ததை மூத்த உறுப்பினர் ஒருவர் சரிபார்த்து ஏற்றுவார். பட்டம் கேட்பதில்லை. சம்பளமும் கிடையாது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் செய்த வேலை பெயரோடு எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கும், சர்வர்களைப் பராமரிக்க ஆள் தேடும் நிறுவனத்திடம் அதைக் காட்டலாம். லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் நடத்தும், கணினி நிர்வாகிகளுக்கான ஆர்.ஹெச்.சி.எஸ்.ஏ. சான்றிதழ்த் தேர்வையும் பின்னர் எழுதட்டும். கேள்விக்கு விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில்லை அது. உண்மையான கணினியில் உட்கார்ந்து வேலையைச் செய்து காட்ட வேண்டும்.

படிப்புக்கு அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியலோ பி.சி.ஏ.வோ போதும், கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். வங்கியில் பிணையமின்றி 7.5 லட்சம் வரை கல்விக் கடன் கிடைக்கிறதே என்று உங்கள் அண்ணன் சொல்வார். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும், அதைக் கட்டப்போவது அவரில்லை. பையன் ஒருமுறைகூட விருப்பம் தெரிவிக்காத பாடத்துக்காக நகையும் வட்டியும் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மகனுக்கும் நிபந்தனை உண்டு. கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தினமும் ஒரு பக்கமாவது படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். தொடக்கச் சம்பளம் பெரிதாக இராது, இரவுப் பணியும் வரும் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளட்டும்.

செலவு செய்தே ஆக வேண்டுமென்றால் அந்த மடிக்கணினிக்கு ஒரு எஸ்.எஸ்.டி.யும் கூடுதல் ரேமும் வாங்கிக் கொடுங்கள். வர்ச்சுவல் மெஷினில், அதாவது கணினிக்குள்ளேயே மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினியில், டெபியனை நிறுவி, அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் உடைத்துச் சரிசெய்து பழகலாம். வீட்டுக் கணினிக்கு எதுவும் ஆகாது.