மூன்றாவது முறை எழுதுவதற்கு முன்

மருத்துவ நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதியும் உங்கள் மகனுக்கு இடம் கிடைக்கவில்லை என்றும், இன்னும் ஓராண்டு கடுமையாக உழைத்தால் கிடைத்துவிடும் என்று அவன் மாமா சொல்வதாகவும், அதற்காகக் கடன் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனாலும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில்.

உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்த உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினரின் 1993ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி, சிறந்து விளங்கியவர்கள் 20 வயதுக்குள் சராசரியாக 10,000 மணி நேரம் தனியாகப் பயிற்சி செய்திருந்தார்கள். மாமா போன்றோர் இந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, திறன் வேறுபாட்டில் பயிற்சியின் பங்கு இசையில் 21 விழுக்காடாகவும் கல்வியில் வெறும் 4 விழுக்காடாகவும் இருந்தது. செய்த பிழை உடனே கண்ணுக்குத் தெரிந்து, அடுத்த முயற்சியிலேயே அதைத் திருத்த வழியிருக்கும் இடத்தில்தான் பயிற்சி நன்றாகப் பலிக்கிறது. தரவரிசைத் தேர்விலோ, உங்கள் மகன் உழைக்கும் அதே ஆண்டில் மற்றவர்களும் உழைக்கிறார்கள். இடங்களின் எண்ணிக்கை அதற்காகக் கூடுவதில்லை.

"படிக்கிற நேரத்தில் பழைய மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறான்" என்று குறையாக எழுதியிருக்கிறீர்களே, நான் இரண்டு முறை படித்த வரி அதுதான். துணை மருத்துவப் படிப்புகளையும் பொறியியலையும் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே பலர் சொல்லியிருப்பார்கள். ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில் மின்பொறியால் உலோகத்தை உருக்கிக் குழாய்களை இணைக்கும் ஆர்கான் வெல்டிங்கைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரு கையில் டார்ச் எனப்படும் வெல்டிங் கருவியும் மறு கையில் உருகி இணைப்பை நிரப்பும் ஃபில்லர் கம்பியும் பிடித்து, டார்ச்சின் டங்ஸ்டன் முனையை உருகிய உலோகத்தின் மேல் சில மில்லிமீட்டர் இடைவெளியில் நகர்த்த வேண்டும். முனை உலோகத்தைத் தொட்டுவிட்டால் வேலையை நிறுத்தி, அதைத் தீட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். தொடக்கத்தில் இது ஒரு நாளில் பலமுறை நடக்கும். '6ஜி' எனப்படும் தேர்வில் குழாய் 45 பாகைச் சாய்வில் அசையாமல் நிற்கும். தேர்வில் கலந்துகொள்பவர்தான் அதைச் சுற்றி வந்து, அடியிலும் பக்கவாட்டிலும் மேலிலும் கையின் கோணத்தை மாற்றிக்கொண்டே இணைக்க வேண்டும். பிறகு இணைப்பிலிருந்து பட்டைகளை வெட்டி, ஆங்கில யு எழுத்தைப் போல வளைத்துப் பார்ப்பார்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் பிளவு திறந்தால் தோல்வி. எங்கே தவறினோம் என்பதை அந்தப் பட்டையே காட்டிவிடும். இரண்டு ஆண்டுகளாக மதிப்பெண் பட்டியல் உங்கள் மகனுக்குக் காட்டாதது அது. ஏ.எஸ்.எம்.இ. எனப்படும் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதிப்படி, ஒரு குறிப்பிட்ட வெல்டிங் முறையில் தொடர்ந்து ஆறு மாதம் வெல்டிங் செய்யாவிட்டால் அதற்கான தகுதி காலாவதியாகிவிடும். பழக்கம் விட்டுப்போவதை இத்தனை வெளிப்படையாகக் கணக்கில் வைக்கும் தொழில்கள் குறைவு.

வெப்பமும் புகையும் கண்ணைக் கெடுக்கும் புறஊதாக் கதிரும் உள்ள வேலை இது. வெல்டிங் முகக்கவசமும் காற்றோட்டமும் இல்லாத பயிற்சிக்கூடத்தில் சேர்க்காதீர்கள். முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டவும் வேண்டாம். முதலில் ஒரு வாரம் அவன் டார்ச்சைப் பிடித்துப் பார்க்கட்டும். அந்த வாரம் முடிந்ததும் அவனிடம் பேசுங்கள். மாமாவிடம் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.