அந்தப் பதினோரு மாதத்தை ஏன் மறைக்க வேண்டும்?

கேள்வி: அக்கா, நான் 2024-ல் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தேன். கேம்பஸில் எதுவும் அமையவில்லை. படிக்கும்போது ஆன்லைனில் செய்த மூன்று இன்டர்ன்ஷிப்புக்குச் சர்டிஃபிகேட் இருக்கிறது. அப்புறம் கோவையில் ஜவுளிக்கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் முதலில் இன்டர்னாகவும் பிறகு சம்பளத்துக்குமாகப் பதினோரு மாதம் இருந்தேன். கடைக்காரர்கள் போனில் சொல்லும் பிரச்சினைகளைச் சரிசெய்வதுதான் வேலை. ஜி.எஸ்.டி. மாறிய செப்டம்பரில் மட்டும் தூங்காமல் உழைத்தோம். இதை ரெஸ்யூமில் போட்டால் சப்போர்ட் ஆள் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்கிறான் ரூம்மேட். பணம் கட்டினால் இரண்டு வருட அனுபவம் போட்டுத் தருவதாக ஒரு கன்சல்டன்சி சொல்கிறது. என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், விருதுநகர்

பதில்: தம்பி, முதலில் கன்சல்டன்சி விஷயத்தை முடித்துவிடுவோம். வேண்டவே வேண்டாம். புதுக் கம்பெனியில் சேரும்போது உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். நம்பரைக் கேட்பார்கள். எந்தக் கம்பெனி உங்களுக்கு பி.எஃப். கட்டியது, எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்று அதில் வரிசையாக இருக்கும், ரெஸ்யூமைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். வேலையில் சேர்ந்து நாலு மாதம் கழித்து மாட்டிக்கொண்டு, அன்று சாயங்காலமே லேப்டாப்பை ஒப்படைத்துவிட்டுப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவன் நன்றாகவே புரோகிராம் கோடு எழுதுவான், இன்னும் மனசு கேட்கவில்லை. உங்கள் கம்பெனியில் இருபது பேருக்கும் குறைவு என்றால் பி.எஃப். இல்லாமலே இருந்திருக்கலாம், அதற்காகப் பயப்பட வேண்டாம். சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்டையும் ரிலீவிங் லெட்டரையும் காட்டலாம். லெட்டர் வாங்கவில்லை என்றால் இந்த வாரமே போய்க் கேளுங்கள்.

அந்த மூன்று சர்டிஃபிகேட் பற்றி. ஒரு கால்குலேட்டர், ஒரு லாகின் பக்கம் செய்து கிட்ஹப்பில் (புரோகிராம்களைப் பொதுவில் போட்டு வைக்கும் தளம்) ஏற்றி, லிங்க்ட்இன்னில் நன்றி சொல்லி போஸ்ட் போட்டதும் வந்து சேரும் வகை என்றால் (பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்) எடுத்துவிடுங்கள். நீங்கள் எழுதிய புரோகிராமை யாராவது படித்துப் பார்த்து, இந்த இடம் தப்பு, மாற்று என்று சொன்னார்களா? அப்படிச் சொன்ன இடம் ஒன்று இருந்தால் அதை மட்டும் வையுங்கள்.

இப்போது நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன செப்டம்பருக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் 22-ம் தேதி ஜி.எஸ்.டி. மாறியது. அதுவரை ஆயிரம் ரூபாய் வரையிலான ரெடிமேடுக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 12. அன்றிலிருந்து 2,500 வரை 5, அதற்கு மேல் 18. 1,800 ரூபாய் சட்டைக்கு 21-ம் தேதி ராத்திரி கடை சாத்தும்வரை 12 சதவீதம், விடிந்தால் 5. வரி வீதத்தைக் கோடுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தால், ஆகஸ்ட் பில்லை மறுபடி பிரின்ட் எடுக்கும்போது புது வரி விழும். 15-ம் தேதி வாங்கிய சட்டையை 25-ம் தேதி திருப்பிக் கொண்டுவந்தால் 12 சதவீதத்தில்தான் கழிக்க வேண்டும், சாஃப்ட்வேர் 5-ல் கழித்துவிட்டால் மாதக் கணக்கு தாக்கல் செய்யும்போது கடைக்காரருக்கு இடிக்கும். 2,600 ரூபாய் சட்டை தள்ளுபடியில் 2,400 ஆகிவிட்டால் எந்த விலையை வைத்து வீதத்தைத் தீர்மானிப்பது? வீதத்தோடு அது அமலுக்கு வந்த தேதியையும் டேட்டாபேஸ் டேபிளில் வைத்தீர்களா, அல்லது வேறு வழி கண்டுபிடித்தீர்களா? தீபாவளி சீசன் கூட்டத்தில் கடைக்காரர் போனில் கத்திக்கொண்டிருக்கும்போது இதையெல்லாம் சரிசெய்த ஆள், தனக்கு அனுபவம் இல்லை என்று சொன்னால் நான் எப்படி ஒத்துக்கொள்வேன்?

இன்டர்வியூ எடுக்கும் பக்கம் நான் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறேன், இந்த மாதிரிக் கதையைப் புதிதாக வேலைக்கு வரும் ஒருவர் சொன்னால் அடுத்த இருபது நிமிடம் அதைப் பற்றித்தான் கேட்போம். அதனால் ‘சப்போர்ட் வேலை பார்த்தேன்’ என்று எழுதாதீர்கள். எத்தனை கடைகள், என்ன மொழி, என்ன டேட்டாபேஸ், எந்தப் பிழை எங்கே ஒளிந்திருந்தது, எப்படிப் பிடித்தீர்கள், இது மூன்று வரியில் வர வேண்டும். மறந்துபோகும் முன் இன்றைக்கே ஒரு நோட்டில் பத்து டிக்கெட்டையாவது (கடைக்காரர் சொன்ன பிரச்சினை ஒவ்வொன்றும் ஒரு டிக்கெட்) எழுதி வையுங்கள், நீங்கள் தப்பாகச் சரிசெய்து மறுநாள் திருத்தியதையும் சேர்த்து. கம்பெனியின் புரோகிராமையோ கடைக்காரர்களின் டேட்டாவையோ வெளியே ஏற்றாதீர்கள், அது உங்களுடையது இல்லை. வேண்டுமானால் இல்லாத ஒரு கடையை வைத்து, அதே வரிப் பிரச்சினையைப் புதிதாக எழுதி, அதைக் கிட்ஹப்பில் போடுங்கள்.

என் முதல் இன்டர்ன்ஷிப்பில் ஆறு வாரம் எனக்கு யாரும் வேலையே கொடுக்கவில்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல், பழைய முடிந்த டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். நான் கற்றுக்கொண்டது அங்கேதான். நீங்கள் அந்த டிக்கெட்டுகளை முடித்தவராகவே இருந்திருக்கிறீர்கள்.

கேள்வி: மூன்றாம் வருடம் படிக்கிறேன். நாற்பது இடத்துக்கு இன்டர்ன்ஷிப் விண்ணப்பித்தும் ஒரு பதிலும் இல்லை. கூகுள் சம்மர் ஆஃப் கோடு எல்லாம் எங்களைப் போன்ற சின்ன காலேஜ் பிள்ளைகளுக்குக் கிடைக்குமா மேடம்?
– இரா.கவி, தஞ்சாவூர்

பதில்: காலேஜ் பெயரைப் பார்த்து எடுப்பதில்லைம்மா. ஓப்பன் சோர்ஸில், அதாவது கோடு எல்லோருக்கும் பொதுவில் திறந்திருக்கும் சாஃப்ட்வேரில், வேலை செய்யப் பழக்கும் கூகுளின் திட்டம் இது. 2005-ல் தொடங்கியது, 2022-லிருந்து மாணவர்கள் என்றில்லாமல் பதினெட்டு வயது ஆன, ஓப்பன் சோர்ஸுக்குப் புதியவர்கள் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பணமும் உண்டு. ஆனால் விண்ணப்பம் திறந்த வாரத்தில் போய் நின்றால் நடக்காது. நாலைந்து மாதம் முன்பே ஒரே ஒரு ப்ராஜெக்ட்டைப் பிடித்து, அதில் சின்னச் சின்ன பிழைகளைச் சரிசெய்து, அங்கே இருப்பவர்களுக்கு உன் பெயர் பழகியிருக்க வேண்டும்.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றால், பைத்தான் என்ற புரோகிராம் மொழியில் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பார், ஐந்து என்று சொல்லும். நமக்கு அது மூன்று எழுத்து. த, ம, ழ என்ற எழுத்துகளும், ‘மி’யின் கொக்கியும், ‘ழ்’ மேல் இருக்கும் புள்ளியும் கம்ப்யூட்டருக்குத் தனித்தனி. இது ஏன் என்று தோண்டிக்கொண்டே போனால் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் லைப்ரரிக்கு (எடுத்துப் பயன்படுத்தத் தயாராக இருக்கும் கோடுத் தொகுப்பு) வந்து சேர்வாய், அதன் கோடு முழுக்கப் பொதுவில் இருக்கிறது, தமிழ் தெரிந்த உனக்கு அதைப் படிப்பது மற்றவர்களைவிடச் சுலபம்.

படிப்பு முடிந்த பிறகும் எதுவும் அமையவில்லை என்றால், மத்திய அரசின் நாட்ஸ் அப்ரன்டிஸ் திட்டத்தில் பதிவு செய். தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. மாதாமாதம் உதவித்தொகை உண்டு, 2019 விதியில் பட்டதாரிக்குக் குறைந்தது 9,000 ரூபாய் என்று இருந்தது. அதில் ஒரு பகுதியை அரசே தருகிறது என்பதால் சின்ன கம்பெனிகளுக்கும் ஆள் எடுப்பது சுலபம்.

கேள்வி: இன்டர்ன்ஷிப்புக்கு ஐயாயிரம் ரூபாய் டெபாசிட்டும் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: இரண்டையும் கொடுக்காதீர்கள். ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப எடுத்து வாருங்கள், ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் நாளைக்கே அப்பாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போய் வாங்கிவிட்டு, எனக்கு மறுபடி எழுதுங்கள்.