ரூபியின் பல பதிப்புகளிலும் ஒரே சி எக்ஸ்டென்ஷன் இயங்க என்ன வழி?

ரூபி வலை சர்வர் ஒன்றின் சி எக்ஸ்டென்ஷன் (ரூபியோடு சேர்ந்து இயங்க சி மொழியில் எழுதப்படும் துணை நிரல்) புதிய ரூபி வரும்போதெல்லாம் கம்பைல் ஆகாமல் நின்றுவிடுகிறது, பழைய பதிப்புகளையும் கைவிட முடியவில்லை, பதிப்பு எண்ணைச் சோதித்து நிரலைக் கிளை பிரிப்பதுதான் வழியா என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணைச் சோதிக்க வேண்டாம். தேவையான வசதி இருக்கிறதா என்று மட்டும் சோதியுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

எக்ஸ்டென்ஷனைக் கம்பைல் செய்யும் முன் ஓடும் எக்ஸ்ட்கான்ஃப் (extconf.rb) கோப்பில் ஹேவ்_ஃபங்க் (have_func) என்று எழுதினால், அது ஒரு சிறு சி நிரலை அங்கேயே கம்பைல் செய்து பார்த்து, அந்த ஃபங்ஷன் கிடைத்தால் அதற்குரிய மேக்ரோவை (சி நிரல் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு பெயரை) வரையறுத்துத் தருகிறது. இதன் அருமை, ரூபியின் பொதுப் பூட்டை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் ரூபி நிரலை இயக்க வைக்கும் ஜிவிஎல்) விட்டுவிட்டுக் காத்திருக்க உதவும் ஃபங்ஷன்களின் வரலாற்றைப் பார்த்தால் விளங்கும். ரூபி 1.9 காலத்து ஆர்பி_த்ரெட்_பிளாக்கிங்_ரீஜன் 2.2-இல் நீக்கப்பட்டது, அதன் இடத்தைப் பிடித்த ஆர்பி_த்ரெட்_கால்_வித்அவுட்_ஜிவிஎல் அதற்கு முன்பே, 2.0-இலேயே, தனி ஹெடர் கோப்புடன் வந்துவிட்டது. புதியது இருந்தால் அதையே எடுத்துக்கொள் என்று எழுதியவர்களுக்கு 2.2 வந்தபோது எந்த வேலையும் இருக்கவில்லை.

அடுத்து, ரூபிப் பொருள்களின் உள்ளமைப்பை நேரடியாகத் தொடாதீர்கள். 1.8-இல் ஸ்ட்ரிங்கின் உள்ளே இருக்கும் பாயின்டரை (எழுத்துகள் உள்ள நினைவக முகவரியை) எடுத்துப் படித்த நிரல்களெல்லாம் 1.9-இல் உடைந்தன, ஏனெனில் 64 பிட் கணினியில் 23 பைட் வரையிலான எழுத்துகள் அந்தப் பொருளுக்குள்ளேயே பதிக்கப்படத் தொடங்கின. ஆர்ஸ்ட்ரிங்_பிடிஆர் மேக்ரோவைப் பயன்படுத்தியவர்கள் தப்பினர். பழைய ரூபி சர்வரான மங்க்ரலின் எச்டிடிபி பார்சர் (வலைக் கோரிக்கைகளைப் பிரித்துப் படிக்கும் பகுதி) பூமா சர்வர் வரை வழிவழியாக வாழ்வதற்கும், ராகல் என்ற நிரல் உருவாக்கும் கருவி தரும் அதன் மையப் பகுதி பெரும்பாலும் வெறும் சி நிரலாக இருப்பது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

கம்பைல் பிழையைவிட எனக்கு அச்சம் தருவது ஓசையின்றி வரும் பிழைதான். பயன்படாத நினைவகத்தை மீட்கும் ஜிசியில் 2.7-இல் வந்த ஜிசி.காம்பாக்ட், நினைவகத்தில் பொருள்களை இடம் மாற்றுகிறது. எச்டிடிபி தலைப்புப் (ஹெடர்) பெயர்களுக்கான ஸ்ட்ரிங்குகளை நீங்கள் சி ஸ்டாட்டிக் மாறிகளில் வைத்திருந்தால், ரூபிப் பக்கத்தில் ஒரு மாறிலி அவற்றைப் பிடித்திருக்கும்வரை அவை உயிரோடு இருக்கும். ஆனால் அவற்றின் முகவரி மாறிவிட்டால், உங்கள் சி மாறி வேறெதையோ சுட்டிக்கொண்டிருக்கும். நிரல் கம்பைல் ஆகும், சோதனைகளும் தேறும், நெரிசல் நேரத்தில் சர்வர் விழும். ஒவ்வொரு மாறியையும் ஆர்பி_ஜிசி_ரெஜிஸ்டர்_அட்ரஸ் கொண்டு பதிவு செய்துவிட்டால் அந்தப் பொருள் நகராது. பொருள்களை வேண்டுமென்றே இடம் மாற்றிச் சோதிக்கும் ஜிசி.வெரிஃபை_காம்பாக்ஷன்_ரெஃபரன்சஸ் என்ற அழைப்பையும் சோதனைத் தொகுப்பில் சேர்த்துவிடுங்கள்.

3.2-க்குக் கம்பைல் செய்த கோப்பை 3.3-க்குக் கொண்டுபோக முடியாது, மறுபடி கம்பைல் செய்தே ஆகவேண்டும். கைவிடப்படும் வசதிகள் பற்றிய எச்சரிக்கைகளைத் தள்ளிப்போடவும் வேண்டாம்: 2.4-இல் இன்டீஜருடன் இணைக்கப்பட்ட ஃபிக்ஸ்னம் (சிறிய முழு எண்களுக்கான பழைய வகுப்பு), 3.2-இல் முற்றிலும் நீக்கப்பட்டது. புதிய பதிப்பு ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று வருவதால், வளர்ச்சியில் உள்ள ரூபியின்மீதும் உங்கள் சோதனைகளை ஆண்டு முழுவதும் ஓடவிடுங்கள்.