பேரவையில் நிறைவேறிய மசோதா அதன் பிறகு எங்கே நின்றுபோகிறது?

"தமிழ்நாட்டில் ஆளுங்கட்சி கொண்டு வரும் மசோதா எல்லாமே பேரவையில் நிறைவேறிவிடுகிறது. ஆனாலும் சில சட்டங்கள் நடைமுறைக்கே வருவதில்லை. ஒவ்வொரு கட்சியும் ஒவ்வொரு காரணம் சொல்கிறது. எதை நம்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குச் சொந்த ஊர் பென்னாகரம் பக்கம், வேலை ஓசூர் சிப்காட்டில். இந்த இரண்டு ஊரையும் உலுக்கிய இரண்டு மசோதாக்களை வைத்தே பதில் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. நம் பேரவையில் வாக்கெடுப்பில் மசோதா தோற்பது என்பது ஏறக்குறைய நடக்காத காரியம். 1986ல் மேலவையைக் கலைத்த பிறகு இருப்பது ஒரே அவை. 234 பேரில் பெரும்பான்மை ஆளும் தரப்பிடம். கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும். கூட்டத்தொடரின் கடைசி நாள்களில் மசோதாக்கள் வரிசையாகக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறும். ஆகவே யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று மட்டும் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது.

வன்னியர் 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டு மசோதா, அதாவது மிகவும் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்குள் வன்னியருக்கு மட்டும் தனிப் பங்கு தரும் மசோதா, 2021 பிப்ரவரி 26 அன்று நிறைவேறியது. சட்டமன்றத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் அதே நாளில்தான். எங்கள் பக்கம் வெடி வெடித்தார்கள், இனிப்புக் கொடுத்தார்கள். வன்னியருக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு நடந்த 1987 சாலை மறியலைப் பார்த்த பெரியவர்கள் கண் கலங்கியதைப் பார்த்திருக்கிறேன். அந்த உணர்ச்சியை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். அப்போது போராடியவர்களின் குடும்பங்கள் இன்னும் இங்கேதான் இருக்கின்றன. ஆனால் நவம்பர் 1 அன்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சட்டத்தை ரத்து செய்தது. 2022 மார்ச் 31 அன்று உச்சநீதிமன்றமும் ரத்தை உறுதி செய்தது.

இதற்கு பாமக நண்பர்கள் சொல்லும் காரணம், திமுக அரசு வழக்கைச் சரியாக நடத்தவில்லை என்பது. அவசரமாகச் சட்டம் போட்டது அதிமுகதானே என்பார்கள் திமுக நண்பர்கள். நாங்கள் கொடுத்தோம், அவர்கள் காப்பாற்றவில்லை என்பது அதிமுகவினர் பேச்சு. தீர்ப்பில் இருப்பதோ வேறு. இப்படி ஒரு சட்டம் இயற்ற மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்சநீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒரு சமூகத்தை மட்டும் தனியாகப் பிரிப்பதற்கு இன்றைய தரவு எங்கே என்று கேட்டது. அரசு கையில் இருந்தது 1980களில் பிற்படுத்தப்பட்டோர் நிலையை ஆராய்ந்த அம்பாசங்கர் ஆணையக் காலத்து மக்கள்தொகைக் கணக்கு. அதையே அடிப்படையாக வைக்க முடியாது என்றது நீதிமன்றம். திமுக அரசு அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த 2021 ஜூலையில் அரசாணை போட்டது, உச்சநீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டுக்கும் போனது. எனவே கடைசியில் கைவிட்டார்கள் என்று சொல்வது நியாயமில்லை. தேர்தலுக்காகக் கடைசி நேரத்தில் மசோதா கொண்டு வந்த அன்றைக்கே அதன் பலவீனம் உள்ளே இருந்தது. கொண்டு வந்தவர்களுக்கும் கேட்டு வாங்கியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. இதை எங்கள் ஊரில் சொன்னால் கோபப்படுகிறார்கள். பரவாயில்லை, அந்த ஒதுக்கீட்டை நம்பிக் கல்லூரிக்கு விண்ணப்பித்த பிள்ளைகளுக்காகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இதற்கு மாறாக, முதலில் ஆய்வு, பிறகு சட்டம் என்று வந்த அருந்ததியர் 3 சதவீத உள் ஒதுக்கீட்டை (பட்டியல் சாதியினர் ஒதுக்கீட்டுக்குள்) பாருங்கள். 2008ல் நீதிபதி ஜனார்த்தனம் குழு அறிக்கை, அதன் பிறகு 2009ல் சட்டம். அதற்கும் வழக்கு வந்தது. 2024 ஆகஸ்ட் 1 உச்சநீதிமன்றத் தீர்ப்பில் அது நிலைத்தது.

இனி ஓசூர். தொழிற்சாலைகளில் வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழி செய்யும் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி நேரம்தான், விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று அரசு விளக்கியது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு விருப்பம் என்று தனியாக ஒன்று உண்டா? சூப்பர்வைசர் நிற்கச் சொன்னால் நிற்பான். அதே ஆண்டு பிப்ரவரியில் கர்நாடகத்தில் இதே மாதிரித் திருத்தம் நிறைவேறியிருந்தது. ஓசூர் எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது அந்த மாநிலம். ஆகவே எங்கள் ஷிப்ட் ஆட்களுக்கு இது எங்கோ நடக்கிற விஷயமாகத் தெரியவில்லை. பேரவையில் கம்யூனிஸ்ட்கள், விசிக, காங்கிரஸ் என்று திமுகவின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. இந்த மாவட்டத்தின் தளி தொகுதி அப்போது இந்திய கம்யூனிஸ்ட் கையில்தான் இருந்தது. இவர்கள் எல்லாரும் சேர்ந்து எதிர்த்து வாக்களித்திருந்தாலும் மசோதா தோற்றிருக்காது. ஆனால் தொழிற்சங்கங்கள் எழுந்தன, திமுகவின் சொந்தத் தொழிற்சங்கமான தொமுசவும் ஏற்கவில்லை. ஏப்ரல் 24 அன்று அரசு அதை நிறுத்தி வைத்தது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். எண்ணிக்கையே இல்லாதவர்கள் ஒரு மசோதாவை நிறுத்திய வேலை அது. அன்றைக்கு ஓசூரில் பேருந்துக்கு நின்றவர்கள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் மறக்கவில்லை.

ஆளுநர், குடியரசுத் தலைவர் ஒப்புதல் விவகாரத்தில் நான் கட்சி பார்ப்பதில்லை. 2017ல் அதிமுக ஆட்சியின் நீட் விலக்கு மசோதாக்களுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. அது மக்களுக்குத் தெரிய வந்ததே 2019ல்தான். திமுக ஆட்சியில் 2021ல் நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்பி, 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேறிய மசோதாவுக்கும் அதே கதி. தேர்ந்தெடுத்த பேரவை இரண்டு முறை சொன்ன பிறகும் நிற்பது எந்த ஆட்சிக்கு நடந்தாலும் எனக்குத் தவறுதான். மறுபடி நிறைவேற்றிய 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று 2025 ஏப்ரல் 8 அன்று உச்சநீதிமன்றம் சொன்னது. அந்த நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலளித்த அரசியல் சாசன அமர்வு, ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடு விதிக்க முடியாது என்றது. மசோதாக்களை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நிலை இனியும் வரலாம்.

ஆகவே கட்சிக்காரர் ஒருவர் காரணம் சொன்னால் இதைக் கேளுங்கள்: மசோதா நின்றது கூட்டணிக்குள்ளா, ஆளுநர் மாளிகையிலா, குடியரசுத் தலைவரிடமா, நீதிமன்றத்திலா? நீதிமன்றம் என்றால் தீர்ப்பின் கடைசிப் பக்கங்களையாவது படியுங்கள். 2022 தீர்ப்புக்குப் பின் வன்னியர் ஒதுக்கீட்டுக்கான தரவைத் திரட்டும் பொறுப்பு மாநிலப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்துக்குப் போனது, அதற்கான கால அவகாசமும் திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. அடுத்த முறை எந்தக் கட்சி அந்த மசோதாவோடு எங்கள் ஊருக்கு வந்தாலும், நான் முதலில் கேட்கப்போவது அந்த அறிக்கையைத்தான்.