பாசி தின்னும் மீன் வாங்கினேன், ஏஞ்சலைத் தின்கிறது!

கேள்வி: எங்கள் வீட்டில் 2 அடி மீன் தொட்டி இருக்கிறது. கண்ணாடியில் பச்சைப் பாசி படிகிறதே என்று கொளத்தூரில் ‘கோல்டன் ஆல்கே ஈட்டர்’ 2 வாங்கினேன். அப்போது சுண்டுவிரல் அளவுதான். “இதுக்கு மேல வளராதும்மா, பாசியை மட்டும்தான் தின்னும்” என்றார் கடைக்காரர். 8 மாதத்தில் அரைச் சாணைத் தாண்டிவிட்டது. ராத்திரியானால் ஏஞ்சல் மீனின் விலாவில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஏஞ்சலுக்கு வட்ட வட்டமாகச் செதில் உரிந்திருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனால் ‘விற்ற மீன் திரும்ப வாங்கப்படமாட்டாது’ என்ற போர்டைக் காட்டுகிறார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: முதலில் ஏஞ்சலை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். வழக்கையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் வாங்கியது சைனீஸ் ஆல்கே ஈட்டரின் மஞ்சள் வகை. பெயரில்தான் சீனா; மீன் தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா பக்கத்து ஆறுகளைச் சேர்ந்தது. அங்கே இதைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள் என்றால் எவ்வளவு வளரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்: 25 சென்டிமீட்டருக்கு மேல். குட்டியில் பாசியை ஒழுங்காகத்தான் மேயும். வளர வளர அதில் நாட்டம் குறைந்து, தட்டையான உடம்புள்ள மீன்களின் மேல் இருக்கும் வழவழப்பை உறிஞ்சக் கிளம்பிவிடும். ஏஞ்சல் அதற்கு வசமாக மாட்டிய ஆள்.

சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் தாமதமாகிவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவுப்படி பில் தராமல் விற்பது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான். ஆகவே அந்த போர்டை எழுதி மாட்டிவிட்டதாலேயே கடைக்காரர் தப்பித்துவிட முடியாது. ஆனால் உங்கள் மீன் நோயில்லாமல் நன்றாகத்தானே இருக்கிறது? உங்கள் புகார், ‘வளராது’ என்று பொய் சொல்லி விற்றார் என்பது. அது வாய்வார்த்தை. பில் இருப்பதாகவும் நீங்கள் எழுதவில்லை. 1915 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதியலாம், செலவில்லை. ஆணையம்வரை போவது இந்தத் தொகைக்கு உங்கள் ஆட்டோ செலவுக்குக்கூடக் கட்டாது என்பது என் கணக்கு. வேறு கடையில் கேட்டுப் பாருங்கள். பெரிய தொட்டிக்காரர்களுக்கென்று சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்பவர்கள் உண்டு. எக்காரணம் கொண்டும் ஏரியில் விட்டுவிடாதீர்கள். அப்படி விட்ட சக்கர் மீன்தான் இன்று நம் நீர்நிலைகளில் பெருகி மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது.

இனி வாங்குவதற்கு: லேபிளை நம்பாமல் மீனைப் பாருங்கள். ‘ஆல்கே ஈட்டர்’ என்ற ஒரே பெயரில் மூன்று நான்கு மீன்கள் விற்கின்றன. உண்மையான சயாமீஸ் வகைக்கு மூக்கிலிருந்து வால் துடுப்பின் நுனிவரை கறுப்புக் கோடு ஓடும். கண்ணாடியில் வாயை ஒட்டித் தொங்கினால் அது சயாமீஸ் இல்லை. சயாமீஸும் 15 சென்டிமீட்டர்வரை வளரும் என்பதால் உங்கள் 2 அடிக்கு வேண்டாம். ஓட்டோ என்கிற, பாசி மேயும் குட்டி மீன் 4, 5 சென்டிமீட்டரோடு நிற்கும், சாது. ஆனால் பெரும்பாலும் தென் அமெரிக்க ஆறுகளில் பிடித்து அனுப்பப்படுவது, பட்டினி கிடந்தே வந்து சேரும். நானே ஒருமுறை 6 வாங்கி, பத்தே நாளில் 5 போய்விட்டன. கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றைப் பாருங்கள்: உப்பியிருந்தால் வாங்கலாம், குழிந்திருந்தால் வேண்டாம். வந்திறங்கி 2 வாரமாவது ஆன சரக்கா என்றும் கேளுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது பாசி மேயும் நெரைட் நத்தை. நல்ல தண்ணீரில் குஞ்சு பெருகாது, சென்னை வெயிலையும் தாங்கும். தொட்டி விளக்கை 6, 7 மணி நேரத்தோடு அணைத்துவிட்டால் பாசியே பாதியாகிவிடும்.

கேள்வி: ஆன்லைனில் ‘ஹில்ஸ்ட்ரீம் லோச்’ 4 வரவழைத்தேன். திருக்கை மீன் குட்டி மாதிரி அத்தனை அழகு! 4 நாளில் இரண்டு செத்துவிட்டன. பெட்டி வந்த 2 மணி நேரத்துக்குள் வீடியோ அனுப்பினால்தான் பணம் என்கிறார்கள். தண்ணீர் 31 டிகிரி.
– வாசகர், மதுரை

பதில்: கடைசி மூன்று வார்த்தையிலேயே விடை இருக்கிறது. இது மத்திய வியட்நாமின் மலையோடைகளில், பாய்ந்து வரும் தண்ணீரில் கல்லோடு கல்லாக ஒட்டி வாழும் மீன். ஒட்டுவது வாயால் அல்ல, விசிறிபோல் விரிந்த துடுப்புகளால். அதற்கு 20 முதல் 24 டிகிரி வேண்டும். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். ஓடை மீனுக்கு அந்த ஒன்றரை பெரிய இழப்பு.

பணத்தைப் பொறுத்தவரை, அந்த 2 மணி நேரம், மீன் வழியிலேயே செத்து வந்தால் பணம் தருவதற்கான உத்தரவாதம். 4 நாள் கழித்துச் செத்ததற்கு அதைக் கேட்க முடியாது. ஆனால் விற்பனைப் பக்கத்தில் ‘எல்லாத் தட்பவெப்பத்துக்கும் ஏற்றது’ என்பதுபோல் ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை வைத்துப் பேசுங்கள். அது வலுவான பிடி.

மிச்சமுள்ள இரண்டைக் காப்பாற்ற, தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேன் ஓடவிடுங்கள். 2, 3 டிகிரி இறங்கும். பவர்ஹெட் (தண்ணீரைத் தள்ளும் சின்ன மோட்டார்) வைத்து ஒரு பக்கமாக ஓட்டம் கொடுங்கள். சாப்பாட்டுக்கு ஒரு யோசனை: கூழாங்கல் பத்தைத் தொட்டித் தண்ணீரோடு வாளியில் போட்டு, கொசு வலை கட்டி மொட்டை மாடியில் வையுங்கள். ஒரு வாரத்தில் பச்சை பிடித்துவிடும். வாரம் இரண்டு கல்லாக மாற்றி மாற்றித் தொட்டிக்குள் வைத்தால், அதன்மேல் ஏறி மேய்கிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் இயந்திரம் வாங்கலாம்தான். மீனுக்குச் சில நூறு, சில்லருக்குப் பல ஆயிரம், யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காசு கொடுத்து எதற்கு? நம் மலையோடைகளிலேயே கல்லில் ஒட்டும் மீன் இருக்கிறதே, பிடித்து வரலாமா?
– வாசகர், தென்காசி

பதில்: வேண்டாம். காப்புக்காட்டிலோ சரணாலயத்திலோ அனுமதியில்லாமல் மீன் பிடிப்பது குற்றம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ‘மிஸ் கேரளா’ மீன், அலங்கார மீன் சந்தைக்காகப் பிடித்துப் பிடித்தே அருகிவரும் பட்டியலுக்குப் போனது. அதோடு, மதுரைக்காரருக்குச் சொன்ன அதே வெயில்தான் தென்காசித் தொட்டியிலும்.